இரண்டு நாட்களும் ஒரு கேள்வியும்

பெரிய ஸ்தாபனங்களின் நிர்வாகிகள் ஆண்டுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ தங்கள் காரியாலயத்தையும் தொழிற்சாலையையும் விட்டுப் புறப்பட்டு, ஏற்காட்டிலோ கோத்தகிரியிலோ கடற்கரையோரத்து விடுதி ஒன்றிலோ இரண்டு நாள் கூடித் தங்கி, தொழிலின் வருங்காலத்தைப் பற்றி யோசித்துவிட்டுத் திரும்பும் வழக்கம் இப்போது நம் நாட்டில் நன்றாக வேரூன்றிவிட்டது. 'ஆஃப்சைட்' என்ற பெயரால் எல்லோரும் அதைக் குறிப்பிடுகிறார்கள். கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் பணியாளர் நிர்வாகப் பகுதியில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்துவிட்டு, பிறகு இத்தகைய கூட்டங்களை முன்னின்று நடத்திக் கொடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டவன் நான். கூட்டத்தில் அபிப்பிராயம் சொல்லும் அதிகாரம் எனக்குக் கிடையாது. தீர்மானம் செய்யும் அதிகாரமும் கிடையாது. கூடியிருப்பவர்களில் ஒருவர் சொல்வதை மற்றவர் காது கொடுத்துக் கேட்கும்படியும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் எவரும் எழுந்து போகாதபடியும் பார்த்துக்கொள்வதே என் வேலை. சிறிய வேலையாகத் தோன்றும் இது, சரியாக நடந்தால் ஒரு ஸ்தாபனத்தின் கதியையே மாற்றக்கூடியது என்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆதலால் இதில் நான் கற்றவற்றை எழுதி வைப்பது பிறருக்குப் பிரயோஜனப்படும் என்று நம்புகிறேன்.

இந்தக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றின் நடைமுறை ஒரே விதமாகத்தான் இருக்கிறது. முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு மேனேஜிங் டைரக்டரின் வரவேற்புரை. அதன் பின் விற்பனை, உற்பத்தி, நிதி, ஹெச்.ஆர். என்று ஒவ்வொரு பகுதியின் தலைவரும் தத்தம் லேப்டாப்பைப் பொருத்தித் திரையில் ஸ்லைடுகளைக் காட்டி, சென்ற ஆண்டு நடந்தவற்றையும் வரும் ஆண்டு நடக்கவிருப்பவற்றையும் விவரிப்பார்; பகலுணவுக்குப் பின்னும் அதுவே தொடரும்; மாலையில் ஏதேனும் விளையாட்டு, இரவில் நெருப்பு மூட்டிப் பாட்டும் விருந்தும்; மறுநாள் முற்பகலில் சார்ட் பேப்பர்களில் முப்பது நாற்பது 'ஆக்‌ஷன் பாயிண்ட்'கள்; கடைசியில் எல்லோரும் ஒரே நிறத்து டி-ஷர்ட் அணிந்து நின்று ஒரு புகைப்படம். இவற்றில் எதுவும் தகாத காரியமன்று. ஆயினும் இவற்றில் பெரும்பகுதியை அலுவலகத்திலேயே செய்துவிடலாம். ஸ்லைடுகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டால் அவரவர் மேஜையிலேயே படித்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் செய்ய இயலாத காரியம் ஒன்று உண்டு. பயணச் செலவும் விடுதிச் செலவும் அத்தனை பெரியவர்களின் இரண்டு நாள் நேரமும் அதற்காகவே தகும். எல்லோருடைய மனத்திலும் கிடந்து எவருடைய வாயிலும் வராத ஒரு கேள்வியை எடுத்து நடுக்கூடத்தில் வைத்து, அதற்கு விடை காணும்வரை எழுந்திராமல் சேர்ந்து அமர்ந்திருப்பதுதான் அந்தக் காரியம்.

மனிதர்கள் தங்கள் அன்றாட ஸ்தானத்திலிருந்து விலகிய ஓர் இடத்தில் கூடினால்தான் ஒருவரையொருவர் புதிதாக அறிய முடியும் என்ற எண்ணமே இந்தத் தொழிலுக்கு மூலாதாரம். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய உளவியல் அறிஞர் கர்ட் லெவின், குழுக்களின் இயல்பைப் பற்றிச் செய்த ஆராய்ச்சிகளின் பயனாக, 1947-ஆம் ஆண்டுக் கோடையில் மெய்ன் மாகாணத்தின் பெத்தெல் என்ற சிற்றூரில் ஒரு பயிற்சி முகாம் கூடிற்று. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே லெவின் காலமாகிவிட்டபடியால் அவருடைய சகாக்களே அதை நடத்தினார்கள். பெருநகரங்களின் சந்தடியிலிருந்து ஒதுங்கிய ஊரை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பழைய சூழ்நிலை பழைய நடத்தையைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கும்; தன் அறையில், தன் நாற்காலியில், தன் உதவியாளர் கதவருகே நிற்கும்போது ஒருவர் எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் அங்கே என்றும் பேசுவார். ஆனால் இடம் மாறிய மாத்திரத்தில் மனிதர் மாறிவிடுவதில்லை. தூரத்து ஊர் நமக்குக் கொடுப்பது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தை எதற்காகச் செலவிடப்போகிறோம் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

ஆதலால் என்னை அழைக்கும் நிர்வாகியிடம் தேதியையும் விடுதியையும் பற்றிப் பேசுவதற்கு முன், "இந்த இரண்டு நாள் முடிந்து நீங்கள் இறங்கி வரும்போது எந்த ஒரு விஷயம் முடிவாகியிருக்க வேண்டும்?" என்று கேட்பேன். "எல்லாரும் ஒண்ணா உக்காந்து மனசு விட்டுப் பேசணும் சார், கம்பெனிக்கு ஒரு விஷன் வேணும்" என்ற வகையில்தான் பெரும்பாலும் பதில் வரும். அது ஆசை, கேள்வியாகாது. ஒரு நல்ல கேள்விக்கு இரண்டு லக்ஷணங்கள் உண்டென்று நான் கருதுகிறேன். முதலாவது, நேர்மையும் அறிவும் உள்ள இருவர் அதற்கு நேர்மாறான விடைகளைச் சொல்லக் கூடியதாக அது இருக்க வேண்டும். 'தரத்தை உயர்த்த வேண்டுமா?' என்று கேட்டால் வேண்டாம் என்பார் எவரும் இல்லையாகையால், அதைப் பற்றி விவாதிப்பதில் பயனில்லை. இரண்டாவது, எந்த விடையைத் தேர்ந்தாலும் அந்த அறையில் இருப்பவர்களில் எவரேனும் ஒருவர் எதையேனும் விட்டுக்கொடுக்க நேர வேண்டும். விட்டுக்கொடுப்பதற்கு ஏதும் இல்லாத கேள்வியை ஒரு கடிதத்தின் மூலமே தீர்த்துவிடலாம். ஆலோசனை என்பது தீர்மானத்தில் போய் நிற்க வேண்டும் என்பதையும், தீர்மானித்தபின் தாமதிப்பது கேடு என்பதையும் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர் சொல்லிவிட்டார். எந்தத் தீர்மானம் என்று தெரியாமல் தொடங்கும் ஆலோசனைக்கு முடிவு எங்கிருந்து வரும்?

இத்தகைய கேள்வியை மேலே இருப்பவர் ஒருவரே தனித்திருந்து கண்டுபிடித்துவிட முடியாது. கூட்டத்துக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே, வரப்போகும் ஒவ்வொருவரையும் அவரவர் இடத்திற்கே போய்ச் சந்தித்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனிமையில் பேசுவதை நான் நியமமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்தாபனத்தில் இப்போது எது நன்றாக நடக்கிறது, எந்த விஷயம் பல காலமாக முடிவாகாமல் இழுபட்டுக்கொண்டிருக்கிறது, எந்தப் பேச்சைக் காரிலும் காண்டீனிலும் பேசுகிறீர்கள், மீட்டிங்கில் பேசுவதில்லை என்ற மூன்று கேள்விகளையே எல்லோரிடமும் கேட்பேன். மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராது. மேஜையின் மேலிருக்கும் காகிதத்தை எடுத்து அடுக்குவார்கள், காபி வரவழைப்பார்கள். அவசரப்படுத்தாமல் காத்திருந்தால் பதில் வரும். இன்னார் இன்னது சொன்னார் என்பதை எவரிடமும் நான் சொல்வதில்லை. ஆனால் பலர் ஒரே விஷயத்தைச் சொன்னால், அந்த விஷயம் கூட்டத்தின் கேள்வியாக வரும் என்பதை எல்லோரிடமும் முன்கூட்டியே தெரிவித்துவிடுவேன்.

கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனிக்காக இவ்விதம் ஒவ்வொருவரையும் கண்டு பேசியபோது நிகழ்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கம்பெனியைத் தோற்றுவித்த பெரியவர் சேர்மனாகவும், அவருடைய மகன் எம்.டி.யாகவும் இருந்தார்கள். அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தை வகுக்க வேண்டும் என்று சொல்லித்தான் என்னை அழைத்திருந்தார்கள். தனித்தனியே பேசப் பேச, விற்பனையைப் பற்றித் தொடங்கினாலும் நிதியைப் பற்றித் தொடங்கினாலும் பேச்சு கம்பெனியின் சொந்த ஃபவுண்டரியில் வந்து முடிந்தது. அதைத் தொடர்ந்து நடத்துவதா, காஸ்டிங்கை வெளியிலிருந்து வாங்கிக்கொள்வதா என்ற கேள்வி பல ஆண்டுகளாக எல்லோருடைய மனத்திலும் இருந்துகொண்டே இருந்தது. அந்த ஃபவுண்டரியைப் பெரியவர் தம் கையாலேயே கட்டி எழுப்பியிருந்தார். இன்றும் காலையில் தொழிற்சாலைக்குள் வந்தால் முதலில் அங்கே போய்ச் சற்று நின்றுவிட்டுத்தான் தம் அறைக்கு வருவார். அவர் எதிரே அந்தப் பேச்சை எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. பயம் மாத்திரம் காரணமென்று சொல்ல மாட்டேன். அவர்மேல் அவர்களுக்கு இருந்த மரியாதையும் பிரியமுமே அவர்கள் வாயை அதிகமாகக் கட்டியிருந்தன.

இந்த நிலையில் என் தொழிலின் மிக முக்கியமான சம்பாஷணை கூட்டத்துக்கு முன்பே, ஸ்தாபனத்தின் தலைவரோடு நடந்தாக வேண்டும். அவருக்குத் தெரியாமல் அவரைப் பாதிக்கும் ஒரு கேள்வியைச் சபையில் எழுப்புவது தர்மமன்று. அப்படி எழுப்பினால் மற்றவர்களும் அடுத்த கணமே வாயை மூடிக்கொள்வார்கள். பெரியவரிடம் போய், "இந்தக் கேள்விதான் எல்லோருடைய மனத்திலும் இருக்கிறது, இதைச் சபையில் வைக்க உங்கள் சம்மதம் வேண்டும், வைத்தபின் எல்லோரும் பேசி முடிக்கும்வரை நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும்" என்று கேட்டுக்கொண்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் ஸ்லோன், ஒரு முக்கியமான விஷயத்தில் எல்லோரும் ஒருமித்து ஆமோதித்ததைக் கண்டு, மாறுபட்ட அபிப்பிராயம் உருவாக அவகாசம் வேண்டும் என்று சொல்லி அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்ததாகப் பீட்டர் டிரக்கர் எழுதியிருக்கிறார். தலைவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதன்பின் சொல்வதெல்லாம் அதற்கு வியாக்கியானமாகிவிடும். கடைசியில் பேசுவதென்று அவர் விரதம் கொண்டால், தம் ஸ்தாபனத்தில் உள்ளவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பதை அறியும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கும்.

கூட்டத்துக்கு யார் யார் வருவது என்பதையும் கேள்வியே நிர்ணயிக்க வேண்டும். ஹார்வர்டு பேராசிரியர் ரிச்சர்ட் ஹாக்மனும் ரூத் வேக்மன் முதலியோரும் உலகின் பல பாகங்களில் 120-க்கு மேற்பட்ட தலைமைக் குழுக்களை ஆராய்ந்து 2008-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். தங்கள் குழுவில் யார் யார் அங்கத்தினர் என்ற ஒரு விஷயத்திலேயே அங்கத்தினர்கள் ஒத்துப்போன குழுக்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்று அந்த ஆராய்ச்சியில் தெரியவந்தது. என் அனுபவமும் அதையே மெய்ப்பிக்கிறது. ஒருவரை விட்டால் மனஸ்தாபம் வரும் என்று அஞ்சி ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டே போய், இருபத்தைந்து பேர் நிறைந்த கூடத்தில் ஒரு தீர்மானமும் உருவாகாமல் இரண்டு நாள் கழிவதை எத்தனையோ இடங்களில் பார்க்கிறோம். தீர்மானத்தைச் செய்யும் பொறுப்பும், செய்தபின் அதை நிறைவேற்றும் பொறுப்பும் உடையவர்கள் எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் இருந்தால் போதும். மற்றவர்களிடம், எதைப் பற்றிப் பேசப்போகிறோம், திரும்பி வந்து எப்போது சொல்வோம் என்பதை முன்பே தெரிவித்துவிட்டால் மனஸ்தாபத்துக்கு இடமில்லை.

இடத்தையும் காலத்தையும் பற்றி நம் ஊர் நிலைமைக்கு ஏற்பச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. இப்பாதைகளில் ஏறி வருபவர்களில் சிலருக்கு வயிற்றைப் புரட்டும். வந்து இறங்கிய உடனே அவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துக் கடினமான விஷயத்தைப் பேசச் சொல்வது உசிதமன்று. முந்தின மாலையே வந்து தங்கிவிடுவது உத்தமம். மாமல்லபுரம் மிக அழகிய இடமானாலும், சென்னையிலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர்தான் என்பதால், சென்னை உத்தியோகஸ்தர்களில் பலர் இரவு வீட்டுக்குப் போய்வரத் தலைப்படுவார்கள். இரவு உணவுக்குப் பிறகு நடக்கும் பேச்சை அவர்கள் இழந்துவிடுவார்கள். மே மாதத்தில் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போவதைத் தவிர்ப்பது நலம். உயர்நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து இவ்விரண்டு இடங்களுக்கும் இ-பாஸ் வேண்டியிருக்கும் அளவுக்கு அங்கே நெரிசல். மார்ச்சில் கணக்கு முடிக்கும் வேலையில் நிதிப் பகுதியினருக்குத் தலை நிமிர நேரமிராது. பம்ப் கம்பெனிக்குக் கோடைதான் வியாபாரத்தின் உச்சம். இவையெல்லாம் சில்லறை விஷயங்களென்று ஒதுக்கத்தக்கவையல்ல; காலமறிதல், இடனறிதல் என்று இரண்டு அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்ததன் பொருளை இத்தொழிலில் இருப்பவன் அனுதினமும் உணர்கிறான்.

கூடத்துக்குள் போனதும் நான் செய்யும் முதல் காரியம் நீண்ட மேஜையை வெளியே எடுத்துப் போடச் சொல்வது. மேஜை இருந்தால் அதற்கு ஒரு தலைப்பக்கம் இருக்கும். அந்தத் தலைப்பக்கத்தில் எம்.டி.யின் நாற்காலி இருக்கும். அவருக்கு எத்தனை நாற்காலி தள்ளி ஒருவர் உட்கார்ந்தாரோ அத்தனைக்கு அவர் குரலும் தாழும். நாற்காலிகளை வட்டமாக இட்டு, செல்போன்களை வெளியே ஒரு பெட்டியில் வைத்துவிடச் சொல்வேன். அமேசான் ஸ்தாபனத்தில் 2004-ஆம் ஆண்டு முதல் மேல்மட்டக் கூட்டங்களில் ஸ்லைடுகளை ஒழித்துவிட்டு, விஷயத்தைக் கோவையான வாக்கியங்களில் எழுதிய சில பக்கங்களைக் கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் மௌனமாகப் படிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நானும் அதைப் பின்பற்றி, இரண்டு மூன்று பக்கங்களில் நிலைமையின் விவரங்களை மட்டும் எழுதிக் கொடுத்து முதலில் படிக்கச் செய்கிறேன். எல்லோரும் ஒரே விவரங்களை ஒரே நேரத்தில் படித்துவிட்டால், எண்களைப் பற்றிய தர்க்கத்தில் பாதி நாள் வீணாவது தப்பும்.

பாஷையைப் பற்றி இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நம் மாகாணத்து ஸ்தாபனங்களில் மேல்மட்டக் கூட்டம் என்றால் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்ற எழுதாத சட்டம் ஒன்று நிலவுகிறது. ஐ.டி.ஐ. படித்து, ஷாப் ஃப்ளோரில் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து பிளாண்ட் ஹெட் ஆனவர், இயந்திரத்தின் சப்தத்தைக் கேட்டே அதன் கோளாறைச் சொல்லிவிடும் ஞானமுள்ளவராயினும், ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில் 'யெஸ் சார்', 'வில் டூ சார்' என்ற இரண்டு வார்த்தைகளோடு நின்றுவிடுகிறார். அவருடைய அறிவு முழுவதும் அந்த ஸ்தாபனத்துக்கு அன்று நஷ்டம். ஆகவே ஆரம்பத்திலேயே நான் தமிழில் பேசத் தொடங்கி, எழுதுவதையும் தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டும் கலந்தோ அவரவர் விருப்பப்படி எழுதலாம் என்று சொல்லிவிடுவேன். தமிழ் அறியாத அதிகாரி ஒருவர் இருந்தால், அவரருகே ஒருவர் அமர்ந்து சொல்லிக்கொண்டே வர ஏற்பாடு செய்வேன். இதனால் சற்று நேரமாகும். அந்த நேரம் நல்ல முதலீடு.

பேசுவதற்கு முன் எழுதச் சொல்வது மற்றொரு நியமம். டெல்பெக், வான் டி வென் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1971-இல் வெளியிட்ட முறை ஒன்றின்படி, கூடியிருப்பவர்கள் முதலில் மௌனமாகத் தங்கள் எண்ணங்களை எழுதுவார்கள். பிறகு ஒவ்வொன்றாக அவை வாசிக்கப்படும். அதற்குப் பின்னரே விவாதம். இதனால் உரத்த குரலுடையவருக்கும் மெல்லிய குரலுடையவருக்கும் சம ஸ்தானம் கிடைக்கிறது.

அந்தப் பம்ப் கம்பெனியின் கூட்டம் கோத்தகிரியில் நடந்தது. முதல் நாள் பிற்பகல் அந்தக் கேள்வியைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டிவிட்டு, ஒவ்வொருவரும் தம் விடையையும் அதற்கான காரணத்தையும் ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னேன். காகிதங்களை வாங்கிக் கலைத்து, பெயர் சொல்லாமல் ஒவ்வொன்றாகப் படித்தேன். மூன்றாவது காகிதத்தைப் படித்து முடிப்பதற்குள் உற்பத்தித் தலைவர் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, அது நான் எழுதுனதுங்க" என்று பெரியவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். "மோல்டர் கிடைக்கறதில்லீங்க. இருக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல அம்பது வயசு தாண்டிருச்சு. புதுப் பசங்க அந்தச் சூட்டுல நிக்க மாட்டேங்கறாங்க. ப்ளோ ஹோல் விழுந்து திரும்பி வர்ற காஸ்டிங்கை மறுபடி ஃபர்னஸ்ல போட்டு உருக்கறோம். அந்தக் கரண்டுக் காசை நாம எந்தக் கணக்குலயும் எழுதறதில்லீங்க." நிதித் தலைவர் தம் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தச் செலவு பொது மின்சாரச் செலவில் கலந்துவிடுவது உண்மைதான் என்றார். விற்பனைத் தலைவர் அதற்கு நேர் எதிர்க்கட்சி. "சீசன்ல கார் கம்பெனி ஆர்டர் வந்துட்டா வெளி ஃபவுண்டரிக்காரங்க நம்மளைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. நம்ம கையில ஃபவுண்டரி இருந்ததாலதான் போன கோடையில டீலருக்குச் சொன்ன தேதியில சரக்குப் போச்சு" என்று அவர் வாதித்தார். இரண்டு கட்சிகளிலும் நியாயம் இருந்தது. விவாதம் சூடாக, ஆனால் மரியாதை குன்றாமல், மூன்று மணி நேரம் நடந்தது. பெரியவர் மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார், வாய் திறக்கவில்லை.

எல்லோரும் பேசி முடித்தபின் அவர் பேசியது நாலைந்து வாக்கியங்களே. "நான் ஃபவுண்டரி கட்டுனப்ப வெளிய நமக்கு வேணுங்கற காஸ்டிங் கிடைக்கலீங்க. அதனால கட்டுனேன். இப்பக் கிடைக்குதுன்னா எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா அங்க நிக்கற ஆளுக என்ன ஆவாங்கன்னு முதல்ல சொல்லுங்க. அதுக்குப் பதில் தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்." அவருக்கு வருத்தம் உண்டாகும் என்று அஞ்சிப் பல ஆண்டுகள் அடக்கி வைத்திருந்த பேச்சு, வெளியே வந்தவுடன், அவர் ஒருவருக்கே தோன்றிய ஒரு கேள்வியால் மேலும் ஆழம் பெற்றது. மறுநாள் காலை முழுவதும் அந்தத் தொழிலாளர்களைப் பற்றியே பேசினார்கள்.

ஒருவர் வாய் திறப்பதன் மகிமையைச் சாலமன் ஆஷ் என்ற உளவியல் அறிஞர் 1951-இல் வெளியிட்ட பரிசோதனைகள் நன்றாகக் காட்டியிருக்கின்றன. கோடுகளில் எது எதற்குச் சமமான நீளமுடையது என்ற மிக எளிய கேள்விக்குக் கூட, சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் முன்னேற்பாட்டின்படி தவறான விடையைச் சொன்னபோது, பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது தங்கள் கண் கண்டதை விட்டுவிட்டு அந்தத் தவற்றையே சொன்னார்கள். ஆனால் சுற்றியிருப்பவர்களில் ஒரே ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், இணங்கிப் போகும் வழக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த முதல் ஒருவருக்குத் தைரியம் வரும்படியான சூழ்நிலையை உண்டாக்குவதே என் போன்றவர்கள் வாங்கும் கூலிக்குச் செய்யும் வேலை.

ஒரு தீர்மானம் உருவாகிவிட்டது என்று தோன்றும்போது அதை மறுபடியும் உரைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு, கேரி க்ளைன் என்பவர் 2007-இல் எழுதிப் பிரசித்தப்படுத்திய முறை ஒன்று கைகொடுக்கிறது. 'ஓராண்டு கழிந்துவிட்டது, நாம் செய்த தீர்மானம் முற்றிலும் தோற்றுப் போயிற்று, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் எழுதுங்கள்' என்று கேட்பதுதான் அது. தோற்குமா என்று கேட்டால் உற்சாகத்தைக் கெடுப்பானேன் என்று மௌனமாக இருப்பவர்கள், தோற்றுவிட்டதாகவே வைத்துக்கொண்டால் காரணங்களைத் தாராளமாகச் சொல்கிறார்கள். கோத்தகிரியில் இந்தக் கேள்விக்கு வந்த விடைகளில் ஒன்று, 'ஒரே ஃபவுண்டரியை நம்பினோம்' என்பது. அதன் பயனாக இரண்டு இடங்களில் வாங்குவது என்ற நிபந்தனை தீர்மானத்தில் சேர்ந்தது.

விளையாட்டும் விருந்தும் வேண்டாதவை என்று நான் சொல்வதாக எவரும் நினைத்துவிடக் கூடாது. சேர்ந்து உண்பதும், மாலையில் தேயிலைத் தோட்டத்து வழியே இருவர் மூவராக நடப்பதும் பெரிய நன்மைகளைத் தருகின்றன. பகலில் மாறுபட்டு வாதித்த இருவர் இரவில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் மறுநாள் வாதத்தில் கசப்பு இராது. இவற்றைக் கடினமான பேச்சுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் விண்ணப்பம். ஒருவரை முதுகில் சுமந்து ஓடும் போட்டியால் உண்டாகும் நம்பிக்கையைவிட, ஒருவர் மனம் திறந்து சொன்ன உண்மையை மற்றவர் கோபிக்காமல் கேட்டார் என்பதால் உண்டாகும் நம்பிக்கை நெடுநாள் நிற்கிறது.

தீர்மானத்தை எழுதும் வேலையைக் கூட்டம் முடிந்தபின் யாரோ ஒருவர் செய்துகொள்ளட்டும் என்று விடலாகாது. 1978-ஆம் ஆண்டு செப்டம்பரில் எகிப்தின் சாதாத்தும் இஸ்ரேலின் பெகினும் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டரின் அழைப்பின் பேரில் கேம்ப் டேவிட் மலை வாசஸ்தலத்தில் 13 நாள் தங்கியபோது, அமெரிக்கத் தரப்பினர் ஒரே வரைவை எழுதி, இரு தரப்பினரிடமும் மாறி மாறிக் காட்டித் திருத்தித் திருத்தியே உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பேச்சில் ஒத்துப்போனதாகத் தோன்றும் இருவர் எழுத்தில் மாறுபடுவார்கள். அந்த மாறுபாடு மலையின் மேலேயே வெளிப்படுவது நல்லது. ஆகையால் கடைசிப் பிற்பகலில் தீர்மானத்தை எல்லோர் எதிரிலும் ஒரே காகிதத்தில் எழுதுகிறோம். நாற்பது ஆக்‌ஷன் பாயிண்டுகளுக்குப் பதில் நாலைந்து வாக்கியங்கள்; ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொறுப்பேற்பவர் ஒருவரின் பெயர், ஒரு தேதி. 'புரொடக்‌ஷன் டீம்' என்று எழுதினால் ஒப்புக்கொள்வதில்லை. ஆள் பெயர் வேண்டும். பெரிய காஸ்டிங்குகளை அடுத்த கோடைக்கு முன் வெளியில் வாங்கத் தொடங்குவது, புது மாடல்களுக்கும் சிறு உருப்படிகளுக்கும் மட்டும் ஃபவுண்டரியை வைத்துக்கொள்வது, மோல்டர்களுக்குச் சம்பளம் குறையாமல் மெஷின் ஷாப்பிலும் அசெம்பிளியிலும் பயிற்சி கொடுப்பது என்று அந்தக் கம்பெனியார் எழுதிய காகிதத்தில் பெரியவர் முதல் எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

இறங்கி வந்தபின் நடப்பதே கூட்டத்தின் யோக்கியதைக்குப் பரீட்சை. இயக்குநர் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைகள் 30 நாட்களுக்குள் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் விதித்திருக்கிறது. மலைமேல் கூடிப் பேசியதற்கு அப்படிப்பட்ட சட்டம் ஏதும் இல்லாமையால், அந்த விதியை நாமே நமக்கு விதித்துக்கொள்ள வேண்டும். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் மறுபடியும் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியில்லை என்று எழுதியிருக்கிறது. பொறுப்பேற்றவர் கணக்குக் காட்டுவது நம் நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சபை நடத்தும் ஒழுக்கமாக இருந்திருக்கிறது. கூட்டம் முடிந்த ஒரு மாதத்தில், அதே மனிதர்கள் தொழிற்சாலையிலேயே ஒன்றரை மணி நேரம் கூடி, அந்தக் காகிதத்தை எடுத்து வைத்து, பெயருக்கு நேரே எழுதிய தேதிகளைப் படிக்க வேண்டும் என்று நான் முதலிலேயே நிபந்தனை செய்துகொள்கிறேன். அதற்கு அடுத்த மாதமும், அதற்கு அடுத்த மாதமும் அப்படியே. இந்தச் சம்மதம் கிடைக்காத இடத்தில் கூட்டம் நடத்த நான் ஒப்புக்கொள்வதில்லை.

பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டு நாள் மலைமேல் இருக்கும்போது, கீழே ஷிஃப்ட் நடந்துகொண்டுதான் இருக்கிறது. விடுதியின் அறை வாடகையும் விருந்துச் செலவும் அந்த ஷிஃப்டில் நிற்பவர்களின் உழைப்பிலிருந்தே வருகின்றன. மேலே செய்யப்படும் தீர்மானமோ, செய்யாமல் விடப்படும் தீர்மானமோ, அவர்களுடைய குடும்பங்களின் வாழ்வைத் தொடுகிறது. அவர்களில் எவரும் அந்தக் கூடத்தில் உட்காருவதில்லை. ஆகவே தலைமைப் பதவியில் இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த கூட்டத்துக்கு விடுதி தேடத் தொடங்குவதற்கு முன் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்; அதை எழுத முடியாவிட்டால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்; எழுத முடிந்தால் அதற்கு விடை காணாமல் இறங்கி வராதீர்கள்; இறங்கி வந்த முதல் வாரத்திலேயே, என்ன முடிவு செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்பதைக் கீழே வேலை செய்பவர்களுக்கு விளங்கும் வார்த்தைகளில் நீங்களே நேரில் சொல்லுங்கள்.